ஜலஜா ஆன்ட்டி வீட்டு ரோஜா வாசனை

மார்ச் 5, செவ்வாய்

முதலில் ஒரு மன்னிப்பு. நான் எழுதுகிற ஆள் இல்லை. பேசுகிற ஆளும் இல்லை. சிகரெட்டை நிறுத்த இலவசமாக ஆலோசனை சொல்லும் எண்ணுக்கு இன்று காலை போன் செய்தேன். எடுத்த பெண்மணி, கை பரபரக்கும்போது எதையாவது எழுதச் சொன்னாள். கை பரபரக்கிறது. எனவே இந்த நல்ல தாளைக் கெடுக்கிறேன்.

ஏன் விட நினைக்கிறீர்கள் என்றும் கேட்டாள். உடம்புக்காக என்றேன். பொய். உண்மையை அவளிடம் ஆங்கிலத்தில் சொல்லத் தெரியவில்லை.

என் அம்மா பீடி சுற்றுகிறாள். ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றாத பெண்ணை நான் பார்த்ததில்லை. பிடிக்கிற பெண்ணையும் பார்த்ததில்லை. என் இன்ஜினியரிங் படிப்பு, இங்கே அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்க வந்த விமான டிக்கெட், எல்லாம் அவள் மடியில் இருக்கும் தட்டிலிருந்து வந்தவை. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். புகைபிடிக்கும் முதல் பெண்ணும் நானே. முதல் சாதனைக்குத் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள்.

படிக்கும்போது பழகியது. பார்ட்டிகளில் யாரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் வெளியே வந்து நிற்பேன். வெளியே நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டும். சிகரெட் பிடிப்பவர்களுக்கு அந்தக் காரணம் இருந்தது. அதோடு அந்தப் புகையிலைத் தூள் வாசனை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது என்று எழுதினால் அசிங்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது.

நேற்று தம்பி பேசினான். "எக்கா, டாக்டர் எக்ஸ்ரேயப் பாத்துட்டு ஏசுதாரு. தூள் போயிப் போயி நெஞ்சு கெட்டுப்போச்சாம். இனி சுத்தவே கூடாதாம். நீ சொன்னாத்தான் அம்மா கேப்பா." நான் அப்போது ஆபீஸ் பார்க்கிங் தூணுக்குப் பின்னால், எரியும் சிகரெட்டோடு நின்றிருந்தேன். புகை போனுக்குள் போய்விடுமோ என்று வாயை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "சரிடா, சொல்லுதேன்" என்றேன்.

சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே காலை. இலை வெட்டும் கத்தரிக்கோல் சத்தம் போனில் கேட்டது. நடுவே இருமல்.

"இன்னுமா சுத்துதே? அதான் நான் பணம் அனுப்புதேன்லா?"

"பணத்துக்காட்டி சுத்துதேன்? கை சும்மா இருக்கமாட்டேங்கு."

என் கை மட்டும் சும்மாவா இருக்கிறது?

ஆகவே திட்டம் இது: முதலில் நான் விடுவது. பிறகு அவளிடம் கேட்பது.

மார்ச் 9, சனி

வேப் என்கிற மின்-சிகரெட் வாங்கிவிட்டேன். சிகரெட்டிலிருந்து இறங்கிவர ஒரு படிக்கட்டு என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்தார். கடையில் பழக்கடை மாதிரி அத்தனை சுவைகள். பின்னால் ஆள் நின்றதால் பதறி, கைக்கு எட்டியதைக் காட்டினேன். ரோஸ் லிச்சி. இளஞ்சிவப்பு நிறம். குழந்தைகளின் ஹைலைட்டர் பேனா மாதிரி இருக்கிறது. ஒரு கொலைகாரனுக்கு இவ்வளவு அழகான சட்டை வேண்டாம்.

எங்கே பிடிப்பது என்பது அடுத்த கேள்வி. சுகர் லேண்ட் என்கிற இந்த ஊரில் மகாதேவன் அங்கிள், ஜலஜா ஆன்ட்டி வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறேன். அவர்கள் மகள் தீக்ஷா கலிபோர்னியாவுக்கு வேலைக்குப் போனதில் காலியான அறை. அறை கேட்டு வந்த அன்று ஆன்ட்டி, "அம்மா என்ன பண்றா?" என்றாள். "சொந்தத் தொழில்" என்றேன். "ஓ, பிசினஸா! வெரி குட்" என்றாள். அப்படிப்பட்ட வீட்டில் ஜன்னலைத் திறந்து ஊத முடியுமா?

நல்லவேளை, கட்டிலுக்கு மேலே சுவரில் பெரிய கம்பி வலை ஒன்று இருக்கிறது. டிஷ்யூ பேப்பரைக் காட்டினேன், இழுத்துப் பிடித்துக்கொண்டது. எக்ஸாஸ்ட்! நாற்காலியில் ஏறி அதற்குள் ஊதினேன். புகை சத்தமில்லாமல் போய்விட்டது. அமெரிக்காவில் எல்லாம் யோசித்துத்தான் கட்டியிருக்கிறார்கள்.

மார்ச் 10, ஞாயிறு

மிச்சமிருந்த சிகரெட்டுகளைக் குப்பையில் போட்டேன், ஒன்றைத் தவிர. அது பழைய ஷூவுக்குள். அவசரத்துக்கு. தீயணைப்புக் கருவி மாதிரி.

மார்ச் 15, வெள்ளி

காலையில் கீழே ஆன்ட்டியின் அலறல். விழுந்துவிட்டாள் என்று ஓடினேன். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பூஜை அறை வாசலில் கைகூப்பி நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"ஏன்னா! சீக்கிரம் வாங்கோ! ரோஜாப்பூ வாசனை! எனக்கு வாசனை தெரியறது!"

கோவிட் வந்து போனதிலிருந்து ஆன்ட்டிக்கு மூக்கு வேலை செய்யவில்லை. மூன்று வருடம். காபி வெந்நீர் மாதிரி இருக்கிறது என்பாள். பால் தீய்ந்தால் அங்கிள்தான் கத்துவார்.

அங்கிள் வந்தார். முகர்ந்தார். "ஆமா ஜலஜா. எனக்கும் அடிக்கறது."

"ஆத்துல ஒரு பூகூட இல்லை. வெள்ளிக்கிழமை வேற. செல்வி, உனக்கு?"

எனக்கும் அடித்தது. ரோஜா மட்டுமல்ல, பின்னாலேயே லிச்சியும். "ஆமா ஆன்ட்டி" என்றேன்.

"அம்பாள் வந்திருக்காடி!"

மார்ச் 16, சனி

அது எக்ஸாஸ்ட் இல்லை. ஏசியின் ரிட்டர்ன். வீட்டுக் காற்றை உள்ளே இழுத்து, குளிரவைத்து, எல்லா அறைக்கும் திருப்பி அனுப்புகிற வாய். பூஜை அறையின் கூரையில் அதற்கு ஒரு வழி இருக்கிறது, சரியாக அம்பாள் படத்துக்கு மேலே.

நான் படித்தது மெக்கானிக்கல். ஏர் கண்டிஷனிங் ஒரு பாடம். அதில் A வாங்கியிருக்கிறேன். அந்தப் பேராசிரியரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஆன்ட்டியிடம் சொல்லிவிடவா? காலையில் அவள் காபியை மூக்கருகே வைத்துக்கொண்டு, "கொஞ்சம் தெரியறாப்பல இருக்கு" என்றாள். எப்படிச் சொல்வது? முதலில் என்ன சொல்வது? நான் புகைபிடிப்பவள் என்பதையா, உங்கள் அம்பாள் நான்தான் என்பதையா?

மார்ச் 22, வெள்ளி

குற்ற உணர்ச்சியில் ரெண்டு நாளாக அறையில் ஊதவில்லை. காரிலேயே முடித்துக்கொண்டேன். இன்று சாயங்காலம் லலிதா சகஸ்ரநாமம் சொல்ல ஆன்ட்டியின் தோழிகள் வந்துவிட்டார்கள். கேள்விப்பட்டு டல்லாஸிலிருந்து ஒரு மாமி நான்கு மணி நேரம் டிரைவ் பண்ணி வந்திருந்தாள். பாராயணம் முடிந்தும் வாசனை வரவில்லை. "எங்களுக்கெல்லாம் பிராப்தம் இல்லை போலிருக்கு" என்றாள் டல்லாஸ் மாமி. அது ஆறுதலா குத்தலா என்று தெரியவில்லை. ஆன்ட்டியின் முகம் வாடிவிட்டது.

நான் மாடிக்குப் போனேன். நாற்காலியில் ஏறினேன். ஊதினேன்.

கொஞ்ச நேரத்தில் கீழே, "வந்துட்டா! வந்துட்டா!"

பட்டுப்புடவை கட்டிய பெண்கள் அழுகிறார்கள். மேலே பைஜாமாவோடு நாற்காலியில் நின்று இருமிக்கொண்டிருக்கிறேன். இந்தக் காட்சியை அம்மா பார்த்திருந்தால் செருப்பைத் தேடியிருப்பாள்.

ஏப்ரல் 12, வெள்ளி

ஊதினேன். வேறு செய்தி இல்லை.

ஏப்ரல் 24, புதன்

ஒரு விஷயம் புரிந்தது. சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு. விரலைச் சுடும், போட்டுவிட வேண்டும். இதற்கு முடிவே இல்லை. பல் தேய்க்கும்போது, மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு, ஃப்ரீவே நெரிசலில், எப்போதும் வாயில். சிகரெட்டில் போனதைவிட நிக்கோடின் இதில் அதிகம் போகிறது என்று நினைக்கிறேன். படிக்கட்டு என்றார்கள். அதில் நான் மேலேதான் ஏறிக்கொண்டிருக்கிறேன்.

தம்பியிடமிருந்து செய்தி: "அம்மாட்ட பேசுனியா?" பதில் போடவில்லை.

மே 11, சனி

நான் விட்டால் அம்பாள் போய்விடுவாள். இதுதான் சிக்கல். மாற்று ஏற்பாடாக இந்தியன் கடையில் ரோஜா ஊதுபத்தி வாங்கி வந்து, கொத்தாகக் கொளுத்தி, அந்தக் கம்பி வலைக்கு நேரே பிடித்தேன். வீட்டிலிருக்கும் அத்தனை ஸ்மோக் அலாரமும் ஒரே சமயத்தில் கத்தின. அங்கிள் துடைப்பக் கட்டையோடு ஓடிவந்து ஒவ்வொன்றாக அடித்து நிறுத்தினார்.

"என்னம்மா பண்ணின?"

"சாமி கும்பிட்டேன் அங்கிள்."

பின்னாலேயே வந்த ஆன்ட்டி மூச்சு வாங்கிக்கொண்டு, "திட்டாதீங்கோ. குழந்தைக்கு பக்தி வந்துடுத்து" என்றாள். அங்கிள் என்னைப் பார்த்தார், வலையைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். துடைப்பக் கட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கிப் போனார்.

ஜூன் 18, செவ்வாய்

அம்மா வீடியோவில் வந்தாள். மெலிந்திருக்கிறாள். "ஒனக்கு எதுக்கு கன்னம் ஒட்டிக்கெடக்கு?" என்று என்னைக் கேட்டாள். இருமல் வந்தபோது போனைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டாள், நான் பார்க்காமலிருக்க. கவிழ்ந்த திரையின் இருட்டைப் பார்த்துக்கொண்டே நான் ஒரு இழுப்பு இழுத்தேன். அவள் பார்க்காமலிருக்க.

ஏட்டி செல்வி, நீயெல்லாம் ஒரு பொண்ணா?

ஜூலை 8, திங்கள்

விடியும்போதே புயல். பின்வீட்டு ஓக் மரம் வேலியோடு சாய்ந்துவிட்டது. கரண்ட் இல்லை. வெயில் ஏற ஏற வீடு இட்லிச் சட்டி ஆகிறது. நாங்கள் மூவரும் கீழே ஹாலில், விசிறியாக ஆளுக்கொரு மளிகை விளம்பர அட்டை.

ஜூலை 9, செவ்வாய்

வேப் தீர்ந்தது. கருகிய ருசி ஒன்று வந்தது, அவ்வளவுதான். கடைகளெல்லாம் மூடிக் கிடக்கின்றன. ஏசி ஓடாததால் அம்பாளும் விடுப்பில். ஆன்ட்டி பூஜை அறையில் முகர்ந்து பார்த்துவிட்டு, "கரண்ட் இல்லாட்டா அவளும் வரமாட்டாளா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அங்கிள் மேலே ஓடாத ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவலி. அங்கிள் தோசை வேண்டுமா என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தேன். பிறகு அழுதேன். தோசைக்கு.

ஜூலை 10, புதன்

எழுதவே கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் ஆன்ட்டி கண்ணயர்ந்த நேரம் ஷூவிலிருந்த சிகரெட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம், சாய்ந்து கிடந்த மரத்துக்குப் பின்னால் போனேன். நான்கு மாதப் பழையது. ஷூ நாற்றமும் சேர்ந்திருந்தது. அமிர்தமாக இருந்தது. அடிவரை குடித்தேன். புதினா மென்றேன், கை கழுவினேன், உள்ளே வந்து ஆன்ட்டி பக்கத்தில் உட்கார்ந்து அட்டையால் விசிறினேன்.

ஆன்ட்டி கண்ணைத் திறந்தாள். மூக்கைச் சுருக்கினாள். எழுந்து உட்கார்ந்தாள்.

"நாத்தம் அடிக்கறது."

நான் விசிறுவதை நிறுத்தினேன்.

"செல்வி! நாத்தம் அடிக்கறதுடி! ஏன்னா, எனக்கு நாத்தம் தெரியறது!" என் தோளைப் பிடித்து இழுத்து, தலையில், கழுத்தில், சட்டைக் கையில் மாறி மாறி முகர்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணில் தண்ணீர். "கமகமன்னு வர்றதை நெனப்புன்னு சொல்லலாம். நாத்தத்தை யாராவது நெனச்சுப்பாளா? மூக்கு வந்துடுத்து! சிகரெட்! இது சிகரெட் நாத்தம்! எங்கப்பா சட்டை மாதிரியே…"

அத்தோடு பேச்சை நிறுத்தினாள். என் சட்டைக் கை இன்னும் அவள் கையில் இருந்தது.

"நீயாடி?"

தலையாட்டினேன்.

ஜூலை 11, வியாழன்

ஒன்று தெரிந்தபின் மற்றதை மறைக்க எனக்குத் தெம்பில்லை. காலையிலேயே இளஞ்சிவப்புக் குச்சியைக் கொண்டுபோய் ஆன்ட்டியின் கையில் கொடுத்தேன். முகர்ந்தாள். தீர்ந்துபோனாலும் வாசனை இருந்தது. பூஜை அறைக் கூரையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?" அங்கிளிடம்.

அங்கிள் கண்ணாடியைத் துடைத்தார். "மாசாமாசம் ஏசி ஃபில்டர் மாத்தறது யாரு? பிரிச்சா ரோஜாத் தோட்டம் மாதிரி அடிக்கும்."

"ஏன் சொல்லலை?"

"மூணு வருஷம் கழிச்சு அன்னிக்குத்தான் நீ காபி நன்னா இருக்குன்னு சொன்னே. நான் எதுக்கு வாயத் திறக்கணும்?"

ஆன்ட்டி எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் அறையைக் காலி செய்ய வேண்டியிருக்கும். அம்மா பீடி சுற்றுகிறாள் என்பதையும் அங்கிளிடம் சொல்லிவிட்டேன். யாரும் கேட்கவில்லை. வந்த வேகத்தில் அதுவும் வந்துவிட்டது. எதற்காக விட முயல்கிறேன் என்பதையும்.

ஜூலை 14, ஞாயிறு

கரண்ட் வந்தது. ஏசி ஓடியது. வாசனை இல்லை.

ஆன்ட்டி மூன்று நாட்களாக என்னிடம் பேசவில்லை. ஆனால் வேளாவேளைக்குச் சாப்பாடு வைத்துவிட்டுப் போனாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. இன்று படியேறி என் அறைக்கு வந்து அந்தக் கம்பி வலையைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை.

"இதுல ஏறியா நின்னே?"

"ஆமா ஆன்ட்டி."

"டல்லாஸ் மாமி அன்னிக்கு அழுதாளே, அப்பவும்?"

"ஆமா ஆன்ட்டி."

அவள் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு. கட்டிலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அம்பாள் எந்த ரூபத்துல வேணா வருவாம்பா. லிச்சி ரூபத்துல ஏன்டி வரணும்?" அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த மாமிகிட்ட மட்டும் சொல்லிடாதே. பெட்ரோல் காசைக் கேப்பா" என்றாள்.

வாசல்வரை போய்த் திரும்பினாள். "உங்கம்மா பண்றதும் சொந்தத் தொழில்தான். இதுல பொய் என்ன இருக்கு?"

ஆகஸ்ட் 6, செவ்வாய்

டாக்டரிடம் போனேன். தோளில் நிக்கோடின் பேட்ச், வாயில் நிக்கோடின் சூயிங்கம். ஆன்ட்டிக்கும் மூக்கு டாக்டர் பயிற்சி சொல்லியிருக்கிறார்: தினமும் கிராம்பு, எலுமிச்சை, யூகலிப்டஸ், ரோஜா எண்ணெய், ஒவ்வொன்றாக முகர வேண்டும். ஐந்தாவதாக என்னையும் சேர்த்துக்கொண்டாள். ஆபீஸிலிருந்து வந்ததும் வாசலிலேயே நிறுத்தி, "ஊது." வேளச்சேரியில் வண்டி மறிக்கும் போலீஸ்கூட இவ்வளவு கிட்ட வரமாட்டார்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

கை. கைதான் தாங்க முடியவில்லை. மனசுகூடச் சொன்னால் கேட்கிறது. கைக்கு ஒன்றும் புரியவில்லை. பேனாவைச் சுழற்றுகிறேன், ரசீதுகளைச் சுருட்டுகிறேன். இன்று மீட்டிங்கில் குனிந்து பார்த்தால் டிஷ்யூ பேப்பரை நீளவாட்டில் சுருட்டி, நுனியை மடக்கி வைத்திருக்கிறேன். சின்ன வயதில் பார்த்துப் பார்த்து வந்தது.

கை சும்மா இருக்கமாட்டேங்கு. அவள் சொன்னபோது சாக்கு என்று நினைத்தேன்.

செப்டம்பர் 2, திங்கள்

தவறிவிட்டேன். ஆபீஸ் நண்பர்கள் வீட்டு பார்பெக்யூவில் ஒருத்தியிடம் வேப் வாங்கி ஒரே ஒரு இழுப்பு. வாசலில் ஆன்ட்டி முகர்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள்.

"மாம்பழம்."

சரியான விடை. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அங்கிளைக் கூப்பிட்டுச் சொன்னாள். அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்து என்னை முறைத்தாள். இனிமேல் பயிற்சிக்கு இப்படி உதவ வேண்டாம் என்றாள்.

செப்டம்பர் 27, வெள்ளி

டாக்டர் சொன்னதால் பேட்ச்சை எடுத்தாயிற்று. சூயிங்கம் டப்பா எங்கே வைத்தேன் என்று ஞாபகமில்லை. தேடவும் தோன்றவில்லை. அது தோன்றாததை இன்றுதான் கவனித்தேன்.

தம்பியின் செய்தி: "எக்கா?" அவ்வளவுதான். "இந்தப் பூஜை லீவுல பேசுதேன்" என்று போட்டேன்.

அக்டோபர் 11, வெள்ளி

கீழே கொலு. தோழிகளெல்லாம் வந்திருக்கிறார்கள். டல்லாஸ் மாமி வந்ததும் வராததுமாகப் பூஜை அறையில் மூக்கை நுழைத்தாள். "என்ன ஜலஜா, அந்த வாசனை போயிடுத்தா?"

"வந்த வேலை முடிஞ்சுது. கிளம்பிட்டா" என்றாள் ஆன்ட்டி. சுண்டல் தட்டை என்னிடம் நீட்டும்போது பழக்கதோஷத்தில் என் பக்கம் குனிந்து ஒருமுறை முகர்ந்துகொண்டாள். "தேங்காய் எண்ணெய்" என்றாள் மெதுவாக.

மாடிக்கு வந்து அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே சனிக்கிழமை காலை. போனில் கத்தரிக்கோல் சத்தம் இல்லை. நேற்று ஆயுத பூஜைக்குத் தட்டையும் கத்தரியையும் கழுவி, பொட்டு வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறாள். வருடத்தில் அந்த ஒரு நாள் அவற்றைத் தொடமாட்டாள். மறுநாள் காலை குளித்துவிட்டு எடுப்பாள்.

"இப்பதான் குளிச்சேன். எடுக்கப் போறேன், நீ கூப்பிடுதே. சொல்லு."

ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது.

"அம்மா, நான் புகை பிடிச்சேன். ரொம்ப நாளா."

தலை துவட்டும் சத்தம் நின்றது.

"பீடியா?"

"சிகரெட்டும்மா."

"அதான பாத்தேன்." பிறகு மூச்சு விடுகிற சத்தம். இருமல். இந்தமுறை போனைக் கவிழ்க்கவில்லை. "இப்பமும் குடிக்கியா?"

"இல்லம்மா. விட்டுட்டேன். விட்டுட்டுதான் ஒங்கிட்ட பேசணும்னு இருந்தேன்."

"ஏசுவேன்னு பயந்தியாக்கும்."

"அதுக்கில்ல."

"கஷ்டமா இருந்துச்சாட்டி?"

"கைதாம்மா. கைய வச்சிக்கிட்டு என்ன செய்யன்னே தெரியல."

"ஆமா," என்றாள் அம்மா. வேறு யாரிடமோ சொல்வதைப் போல. "கை கேக்காது. அது எனக்குத் தெரியும்."

கீழே யாரோ பாட ஆரம்பித்தார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், அதே நாற்காலி. என் கை மடியில் சும்மா கிடந்தது. பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"அம்மா, இன்னிக்கு அந்தக் கத்தரிய எடுக்காதம்மா. சாமி முன்னாலயே கெடக்கட்டும்."